கல்லாவில் அமர்ந்திருப்போர் கவனத்திற்கு: புராஸ்டேட் புற்றுநோய் - ஐயங்களும் விளக்கங்களும்

வணிகம் செய்யும் நமக்கு நாள் கணக்கு உண்டு, மாதக் கணக்கு உண்டு, ஆண்டு முடிந்தால் ஐந்தொகை உண்டு. இருப்பில் ஒரு மூட்டை குறைந்தாலும் இரவோடு இரவாகத் தேடிக் கண்டுபிடித்து விடுகிறோம். ஆனால் உடம்புக்கு மட்டும் கணக்குப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை.

தஞ்சைக் கீழவாசலானாலும், கும்பகோணம் பெரிய கடைத் தெருவானாலும், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை அரிசி மண்டிகளானாலும் நிலைமை ஒன்றுதான். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு கடை அடைக்கும் வரை எழுந்திருக்க நேரமில்லை. பல கடைகளில் கழிப்பறை வசதியும் இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறோம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார்கள். கேட்டால், "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். உடன் இருக்கும் மனைவிக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது, மருத்துவருக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கூச்சத்தினால் விளையும் நஷ்டம் பெரிது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு பற்றியெல்லாம் தாராளமாகப் பேசும் நாம், ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஓர் உறுப்பைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். வணிகர்கள் பலரும் தனியே அழைத்து மெதுவான குரலில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தர முயன்றிருக்கிறோம்.

புராஸ்டேட் என்பது என்ன?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறிய சுரப்பியே புராஸ்டேட். இளம் வயதில் இதன் எடை சுமார் 20 கிராம். ஒரு கொட்டைப்பாக்கை விடச் சற்றுப் பெரியது எனலாம். விந்துவில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே செல்வதால், சுரப்பி பருத்தால் குழாய் நெருக்கப்படுகிறது. வயதானவர்களின் சிறுநீர்த் தொல்லைக்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

சிறுநீர்த் தொல்லை வந்தாலே புற்றுநோயா?

இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு வருவது புற்றுநோய் அல்லாத சாதாரண வீக்கமே. சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, தொடங்கத் தாமதமாவது, விட்டு விட்டு வருவது, போன பின்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, இரவில் பலமுறை எழுவது ஆகியவை இதன் அடையாளங்கள். மாத்திரைகளாலேயே பலருக்கு இது கட்டுப்படுகிறது. சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில் தொடங்குகிறது. நடுவே உள்ள சிறுநீர்க் குழாயை ஆரம்பத்தில் அது தொடுவதில்லை. ஆகவே ஆரம்பக் கட்டத்தில் எந்தத் தொல்லையும் தெரியாமலே இருக்கலாம். தொல்லை இருப்பதால் புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். தொல்லை இல்லாததால் நமக்கு ஒன்றுமில்லை என்று அறுதியிட்டுச் சொல்லவும் முடியாது.

தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலாவின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1985 ஆம் ஆண்டு சிறைவாசத்தின்போது புராஸ்டேட் வீக்கத்திற்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 16 ஆண்டுகள் கழித்து, 2001 இல், அதே சுரப்பியில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண வீக்கத்திற்கான அறுவையில் குழாயை நெருக்கும் உட்பகுதியை மட்டுமே அகற்றுகிறார்கள். வெளிப்பகுதி அப்படியே இருக்கும். "எனக்குத்தான் முன்பே ஆபரேஷன் ஆகிவிட்டதே" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். மண்டேலா கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, அதன் பின் 12 ஆண்டுகள் வாழ்ந்து, 95 வது வயதில்தான் காலமானார்.

எந்த அறிகுறிகளைத் தள்ளிப் போடக் கூடாது?

சிறுநீரிலோ விந்துவிலோ ரத்தம் தென்படுவது, திடீரென்று சிறுநீர் அடைத்துக் கொள்வது, காரணமின்றி எடை குறைவது, முதுகு அல்லது இடுப்பு எலும்பில் வாரக்கணக்கில் நீடிக்கும் வலி ஆகியவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது. இந்நோய் பரவும்போது பெரும்பாலும் எலும்புக்கே செல்கிறது. மூட்டை தூக்கியதால் வந்த வலி என்றும், வண்டியில் அலைந்ததால் வந்த வலி என்றும் தைலம் தடவிக் காலம் கடத்துவது நம் தொழிலில் சகஜம். ஓய்வெடுத்தும் தீராத, இரவிலும் விடாத இடுப்பு வலி வயதானவருக்கு இருந்தால் பரிசோதனை அவசியம். முதுகு வலியுடன் கால்கள் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ அன்றைய தினமே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் நிரந்தரமாக நடக்க முடியாமல் செய்துவிடும்.

உட்கார்ந்தே இருப்பதாலும் சிறுநீரை அடக்குவதாலும் இந்நோய் வருமா?

சிறுநீரை அடக்குவதால் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் நோய்த்தொற்றும் கல்லும் வர அது இடம் கொடுக்கும். ஆகவே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. தாம்பத்திய உறவு அதிகம் என்பதாலோ, இல்லை என்பதாலோ வரும் தண்டனையும் இது அல்ல. இது தொற்றுநோயும் அல்ல, மனைவிக்குப் பரவாது.

நிச்சயமாகத் தெரிந்த காரணங்களில் முதலாவது வயது. ஐம்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு வாய்ப்பு கூடுகிறது. அடுத்தது பரம்பரை. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்தால், மற்றவர்களை விட இரு மடங்கு வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கு வந்தால் தம்பியும், அப்பாவுக்கு வந்தால் மகன்களும் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். கூட்டு வியாபாரக் குடும்பங்களில் சொத்து விவரம் எல்லோருக்கும் தெரிகிறது. நோய் விவரமும் தெரிந்திருக்க வேண்டாமா?

2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 14 லட்சத்து 67 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை சுமார் 38 ஆயிரம். மக்கள் நீண்ட நாள் வாழ்வதால் 2020 க்கும் 2040 க்கும் இடையே உலக எண்ணிக்கை இரு மடங்காகும் என்று 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு எச்சரித்தது.

பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவு 4 க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிக்க 1986 இலும், நோயைக் கண்டறிய 1994 இலும் அமெரிக்க அரசு இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது.

நமது உறுப்பினர்களில் சிலர் "முழு உடல் பரிசோதனை" செய்துகொண்டு, அதில் பி.எஸ்.ஏ. 6 என்று வந்ததும் உயிலை எழுதும் அளவுக்குக் கலங்கிப் போகிறார்கள். தேவையில்லை. சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாய் பொருத்தியது, முந்தைய நாள் உடலுறவு ஆகியவற்றாலும் இந்த எண் கூடும். 4 முதல் 10 வரை உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் இருப்பதாக மேல்நாட்டு அனுபவம் கூறுகிறது. தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்தி, சில வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள்.

அதே சமயம் எண் குறைவாக இருப்பதும் முழு உத்தரவாதம் அல்ல. வீக்கத்திற்காகத் தரப்படும் பினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரைகளை ஆறு மாதம் போலச் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் குறைந்து காட்டும். எனவே எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் புரதம் பற்றி 1970 இலேயே எழுதிய அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஆப்ளின், இதை எல்லா ஆண்களுக்கும் ஒட்டுமொத்தமாகச் செய்வது தவறு என்று 2010 இல் எழுதினார். மெதுவாக வளர்ந்து ஆபத்தே தராத கட்டிகளையும் கண்டுபிடித்து, வேண்டாத சிகிச்சைக்கு மக்களை ஆளாக்குகிறது என்பது அவர் வாதம். இந்தியாவிலும் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கே உள்ளது, புராஸ்டேட்டுக்கு இல்லை. ஆகவே நடுநிலையான ஆலோசனை இதுதான்: தொல்லை உள்ளவர்கள் எந்த வயதானாலும் காட்ட வேண்டும். தொல்லை இல்லாதவர்கள் 50 வயதிலும், குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் 45 வயதிலும், சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கலந்து பேசி முடிவெடுக்கலாம். எழுபதைத் தாண்டித் தொல்லை ஏதும் இல்லாதவர்களுக்கு இச்சோதனை பெரும்பாலும் அவசியப்படுவதில்லை.

மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்ப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதி. ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். இதற்குக் கூச்சப்பட்டு வராமல் போனவர்கள் ஏராளம்.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

இது வெறும் பயம். நெல் வியாபாரிகளுக்கு விளக்கம் எளிது. லாரியில் வந்த மூட்டைகளை அவிழ்க்காமல், குத்தூசியால் அங்கங்கே குத்தி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தானே தரத்தை முடிவு செய்கிறோம்? பயாப்ஸியும் அப்படித்தான். ஸ்கேன் கருவியின் உதவியுடன் மெல்லிய ஊசியால் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்து ஊசி போடும் முறையும் வந்துள்ளது. சில நாள் சிறுநீரில் லேசாக ரத்தம் வரலாம். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பயாப்ஸி செய்யாமல் புற்றுநோய் என்றும், இல்லை என்றும் யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அதன் முடிவில் "கிளீசன்" என்று ஓர் எண் இருக்கும். டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க மருத்துவர் 1960 களில் வகுத்த முறை இது. 6 என்றால் மெதுவாக வளரும் வகை. 8, 9, 10 என்றால் வேகமாக வளரும் வகை.

நோய் உறுதியானால் உடனே ஆபரேஷனா?

எல்லோருக்கும் அல்ல. பரவாத, மெதுவாக வளரும் வகையாக இருந்தால் சிகிச்சையைத் தொடங்காமல், குறித்த காலத்தில் பி.எஸ்.ஏ., ஸ்கேன், பயாப்ஸி செய்து கண்காணித்து வருவதும் ஒரு முறை. பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு என்று வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். 2023 இல் வெளியான 15 ஆண்டு முடிவுப்படி, மூன்று பிரிவிலும் சேர்த்து இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நிதானமாக யோசித்து முடிவெடுக்க அவகாசம் உண்டு என்பதே இதிலிருந்து நாம் அறிவது. ஆனால் "கண்காணிப்பு" என்பது "சும்மா இருப்பது" அல்ல. தவணை தவறாமல் பரிசோதனைக்குச் செல்பவருக்கே அது பொருந்தும்.

மற்றவர்களுக்குச் சுரப்பியை முழுவதும் அகற்றும் அறுவையோ, கதிர்வீச்சோ தேவைப்படும். பக்க விளைவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் சில மாதங்கள் சிறுநீர் கசியலாம்; பெரும்பாலோருக்குப் படிப்படியாகச் சரியாகிறது, சிலருக்கு நீடிக்கிறது. ஆண்மைக் குறைவு இரண்டு சிகிச்சையிலும் ஏற்படலாம். கதிர்வீச்சினால் மலக்குடலில் எரிச்சல் உண்டாகலாம். இவற்றையெல்லாம் கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எலும்புக்குப் பரவிவிட்டால் அவ்வளவுதானா?

அப்படியல்ல. முற்றிலும் ஒழிப்பது கடினம் என்றாலும், ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்த வழி உண்டு. ஆண்மைச் சுரப்புநீரான டெஸ்டோஸ்டிரோனே இந்தப் புற்றுநோய்க்குத் தீனி என்பதை 1941 இல் சார்லஸ் ஹக்கின்ஸ் நிரூபித்தார். அதற்காக 1966 இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சுரப்பைத் தடுக்க மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசிகள் உள்ளன. விதைகளை அகற்றும் சிறிய அறுவையும் அதே பலனைத் தரும். ஒரே முறை செய்வதால் செலவு மிகக் குறைவு. ஊசிச் செலவைத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்துவதை விட, இந்த அறுவையைப் பற்றி வெட்கப்படாமல் கேட்பது புத்திசாலித்தனம். இவற்றுடன் சேர்த்துத் தரும் புதிய மாத்திரைகளும் வந்துள்ளன.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாமா?

இது மகன்கள் கேட்கும் கேள்வி. ரிப்போர்ட்டைத் தாங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, சாதாரண வீக்கம்தான்" என்று சொல்லிவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் நாற்பது ஆண்டுகள் கடை நடத்தியவருக்குக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் மனக்கணக்கில் இருக்கும். எந்த விவசாயிக்கு முன்பணம், எந்த மில்லில் பாக்கி, யாருக்குக் கைமாற்று என்பது அவருக்குத்தான் தெரியும். விவரம் தெரிந்தால் அவர் கணக்கை ஒழுங்கு செய்வார், பங்கை எழுதி வைப்பார், சிகிச்சையையும் தாமே தேர்ந்தெடுப்பார். தெரியாவிட்டால், "சாதாரண வீக்கத்துக்கு எதுக்கு இவ்வளவு ஊசி" என்று நடுவில் நிறுத்திவிடுவார். பக்குவமாக, மருத்துவரின் வாயாலேயே சொல்லச் செய்வது சிறந்தது.

பிரான்ஸ் நாட்டின் அதிபராக 1981 இல் பதவியேற்ற பிரான்சுவா மித்தரானுக்கு அதே ஆண்டில், எலும்புக்குப் பரவிய நிலையில் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1992 வரை அவர் அதை நாட்டு மக்களுக்கு மறைத்தார். அது சரியா என்று அந்த நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஆனால் அவர் மருத்துவருக்கு மறைக்கவில்லை. தொடக்கம் முதல் சிகிச்சை பெற்றார். 1995 வரை பதவியில் இருந்து, 1996 ஜனவரியில் காலமானார். நம்மில் பலர் செய்வது நேர் எதிரானது. ஊருக்கெல்லாம் "தூக்கமில்லை, இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டு, மருத்துவரிடம் மட்டும் மறைக்கிறோம்.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

சிறுநீரக அறுவைப் பிரிவு, அதாவது யூராலஜி மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். 1959 இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் 2019 இல் பல்நோக்கு உயர் சிகிச்சைக் கட்டடமும் திறக்கப்பட்டது. திருவாரூரில் 2010 முதலும், நாகப்பட்டினத்தில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன.

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சிறு கடைக்காரர்களும், நம் கடைகளில் வேலை பார்க்கும் ஊழியர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் தனியார் காப்பீடு எடுப்பதானால் நோய் வரும் முன் எடுக்க வேண்டும். காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

உணவிலும் நாட்டு மருந்திலும் தீருமா?

நெருஞ்சில் கஷாயம் போன்றவை சிறுநீர் தாராளமாகப் போக நம் பகுதியில் வழங்குபவை. ஆனால் எதைச் சாப்பிடுவதானாலும் முதலில் நோய் இன்னது என்று தெரிந்த பிறகு, மருத்துவருக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். "புராஸ்டேட்டுக்கு நல்லது" என்று விற்கப்படும் சத்து மாத்திரைகளில் மயங்க வேண்டாம். அமெரிக்காவில் 35 ஆயிரம் ஆண்களிடம் வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகளைச் சோதித்தார்கள். வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இந்நோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததாக 2011 இல் தெரியவந்தது. நடை, அளவான உணவு, புகைப்பதை விடுவது ஆகிய மூன்றுக்கும் காசு செலவில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியது

சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதுடன், ஒரு யூராலஜி மருத்துவரையும் அழைத்து, தனி அறையில் பேச வசதி செய்து கொடுக்கலாம். கடைவீதிகளில் சுத்தமான பொதுக் கழிப்பறை கேட்டு நகராட்சிக்கு மனுக் கொடுக்கலாம். இவை இரண்டும் பெரிய செலவு பிடிக்காத காரியங்கள்.

ஈரோட்டில் மண்டி வணிகராக வாழ்க்கையைத் தொடங்கிய தந்தை பெரியார், தம் கடைசி ஆண்டுகளில் சிறுநீருக்குக் குழாய் பொருத்திய நிலையிலேயே ஊர் ஊராகச் சென்று மேடையில் பேசினார். அந்த வலியை அவர் யாருக்கும் ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அவர் கொள்கையை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இதை அறிவார்கள்.

உடம்பில் உள்ள ஓர் உறுப்பு பழுதானால் அது மானக்கேடு அல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு வணிகரும் இந்தச் சம்பா அறுவடை வரவு தொடங்குமுன் ஒரு நாள் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவரிடம் சென்று மனம் விட்டுப் பேசி வர வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துவிடலாம்.